டிடிஎஸ் மீட்டர் சொல்லாதவை: கிராமக் குடிநீரைக் குறைந்த செலவில் சோதிப்பது எப்படி?

"உங்க ஊர்த் தண்ணி எப்படி?" என்று கேட்டால் இப்போதெல்லாம் ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். டிடிஎஸ் 180, அதனால் அருமையான தண்ணீர். பேனா அளவுள்ள ஒரு கருவியைத் தம்ளருக்குள் முக்கி, திரையைப் படித்து, தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது. அந்த எண்ணில் பொய் இல்லை. குடிப்பவர் கேட்பது ஒன்று, அந்தக் கருவி பதில் சொல்வது வேறொன்று, அவ்வளவுதான். வயிற்றுப்போக்கு தரும் கிருமியையும் பல்லைக் கறையாக்கும் ஃபுளோரைடையும் அது பார்ப்பதே இல்லை.

ஆய்வகம் தொலைவில் இருக்கும் ஊர்களும் தங்கள் தண்ணீரைத் தாங்களே சோதித்துக்கொள்ள மலிவான, நம்பகமான வழிகள் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சோதனையும் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் தரும். எந்தச் சோதனை எந்தக் கேள்விக்கு என்று பிரித்தறியாமல் வாங்கும் கருவி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வீண்செலவுதான்.

மூட்டையின் எடை

வாய் கட்டிய மூட்டையைத் தராசில் வைக்கிறோம். 10 கிலோ காட்டுகிறது. உள்ளே இருப்பது நெல்லா, மணலா, ஆணியா? தராசைக் கேட்டுப் பயனில்லை. டிடிஎஸ் மீட்டரும் அப்படித்தான்.

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் திடப்பொருள்களின் மொத்த அளவு. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். கால்சியம், மக்னீசியம், சோடியம், குளோரைடு, சல்பேட் என்று எல்லாம் சேர்ந்த கூட்டுத்தொகை. அதையும் கருவி எடை போட்டுச் சொல்வதில்லை. முனையில் உள்ள இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கிறது. கரைந்த உப்பு கூடக் கூட மின்சாரம் எளிதாகப் பாயும். இந்தத் தன்மைக்கு மின்கடத்துத்திறன் என்று பெயர். கிடைத்த அளவை 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஓர் எண்ணால் பெருக்கி, டிடிஎஸ் என்று திரையில் காட்டுகிறது. எந்த எண் என்பது தயாரித்தவரின் விருப்பம்.

இதைச் செய்தே பார்க்கலாம். 10 கிராம் சமையல் உப்பைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்குங்கள். அதிலிருந்து 100 மி.லி. எடுத்து, மீண்டும் வடித்த நீர் சேர்த்து 1 லிட்டராக்குங்கள். இப்போது லிட்டருக்கு 1 கிராம் உப்பு இருக்கிறது. 25 டிகிரி செல்சியஸில் இதன் மின்கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2,000 மைக்ரோசீமென்ஸ் (மின்கடத்துத்திறனின் அலகு). 0.5 ஆல் பெருக்கும் மீட்டர் 1,000 என்று காட்டும், 0.7 ஆல் பெருக்கும் மீட்டர் 1,400 என்று காட்டும். இரண்டுமே பழுதில்லை. ஒரே கிணற்றை இரண்டு பேர் அளந்து, எண் ஒத்துப்போகவில்லை என்று சண்டை போட்டுக்கொள்வது பெரும்பாலும் இதனால்தான். இந்த இரண்டுக்கும் வெகுதூரம் விலகி எண் வந்தால், தகட்டில் உப்புப் படிந்திருக்கும். சற்று நேரம் வினிகரில் ஊறவைத்து, வடித்த நீரில் அலசிவிட்டு மறுபடி பாருங்கள்.

ஒரு கிணற்றின் டிடிஎஸ் 300 என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆர்சனிக் என்ற நஞ்சு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் கலந்திருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் 0.01 என்ற அளவைப்போல் அது 5 மடங்கு. ஆனால் மீட்டர் முழு எண்களைத்தான் காட்டும். 300.05 என்பதும் அதற்கு 300தான். கிருமிகளோ அந்தக் கணக்கில் வரவே வராது.

அதற்காக மீட்டரைத் தூக்கி எறிய வேண்டாம். சுவையைப் பற்றி அது நன்றாகவே சொல்லும்: 600க்குக் கீழே இருந்தால் பொதுவாக வாய்க்கு நன்றாக இருக்கும், 1,000ஐத் தாண்டினால் குடிக்கப் பிடிக்காமல் போகும். இன்னொரு வேலைக்கு அது இன்னும் நல்லது. ஒரே கிணற்றை மாதந்தோறும் அளந்து வந்தால், எண் திடீரென்று எகிறும் மாதத்தில் கடல்நீரோ கழிவுநீரோ உள்ளே வர ஆரம்பித்திருக்கிறதா என்று சந்தேகப்படலாம்.

இதுவரை: டிடிஎஸ் மொத்த உப்பைச் சொல்லும். எந்த உப்பு, எந்தக் கிருமி என்று சொல்லாது.

ஒரு சோறு பதம் எங்கே பொருந்தும்?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். கரைந்த ரசாயனங்களுக்கு இந்தப் பழமொழி அப்படியே பொருந்தும். ஃபுளோரைடு பாறையிலிருந்து கரைந்து வருவது. கிணற்றுத் தண்ணீர் முழுவதும் சீராகப் பரவியிருக்கும், நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. ஒரு தம்ளரைச் சோதித்தால் போதும். ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தாலும் நிலைமை தெரிந்துவிடும்.

கிருமிகளிடம் இந்தப் பழமொழி செல்லாது. அவை கரைந்த பொருள் இல்லை, மிதக்கும் உயிர்கள். ஒரு வாளியில் கூட்டமாக இருக்கும், அடுத்த வாளியில் ஒன்றும் இருக்காது. நேற்று இல்லாதது இன்று பெய்த மழையில் வந்துவிடும், நாலு நாளில் செத்தும் போகும். "போன வருஷம் டெஸ்ட் பண்ணியாச்சு, கிருமி இல்லை" என்ற சான்றிதழ் இன்று குடிக்கப்போகும் தண்ணீரைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

ஆபத்து வரும் வேகமும் வேறு. கிருமி ஒரே மடக்கில், ஒன்றிரண்டு நாளிலேயே ஆளைப் படுக்க வைத்துவிடலாம். ஃபுளோரைடும் ஆர்சனிக்கும் ஆண்டுக்கணக்கில் குடித்த பிறகே உடம்பில் தெரியும். எனவே கிருமிச் சோதனையை அடிக்கடி செய்ய வேண்டும். ரசாயனச் சோதனையை எப்போதாவது செய்தால் போதும், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். புதிதாகக் கிணறு வெட்டினால், குடிக்கத் தொடங்கும் முன்பே.

கருவிக்கு முன் கண்

செலவே இல்லாத சோதனை ஒன்று இருக்கிறது. பலரும் அதைச் சோதனை என்று மதிப்பதில்லை. கிணற்றையோ அடிபம்பையோ சுற்றி நடந்து, ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி பத்துக் கேள்விகள் கேட்பதுதான் அது. இதற்குச் சுகாதார ஆய்வு என்று பெயர். உலகச் சுகாதார நிறுவனமே இதற்குப் படிவங்கள் தருகிறது.

10 மீட்டருக்குள் கழிப்பறைக் குழி இருக்கிறதா? அது கிணற்றைவிட மேட்டில் இருக்கிறதா? பக்கத்தில் சாணமோ குப்பையோ குவிந்திருக்கிறதா? பம்பைச் சுற்றிய சிமெண்டுத் தளம் எல்லாப் பக்கமும் ஒரு மீட்டராவது அகலம் இருக்கிறதா, அதில் வெடிப்பு உண்டா? சிந்திய தண்ணீர் ஓடிப்போகிறதா, அங்கேயே தேங்குகிறதா? பம்பைப் பிடித்து ஆட்டினால் அடிப்பாகம் அசைகிறதா? ஆடு மாடு வராமல் வேலி இருக்கிறதா? கோளாறு ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். ஆறுக்கு மேல் போனால், சோதனைக் குப்பியைத் திறக்கும் முன்பே முடிவு ஓரளவு தெரிந்துவிடுகிறது.

இந்த ஆய்வைத் தவிர்த்துவிட்டு நேரே பாட்டிலோடு போகிறவர்களுக்குக் கிருமி இருக்கிறது என்று மட்டும் தெரியும். எந்த வெடிப்பு வழியாக வந்தது என்று தெரியாது. அது தெரியாமல் எதைச் சரி செய்வது?

புகையைப் பார்த்து நெருப்பை அறிவது

காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுக்கடுப்பு என்று தண்ணீர் வழியே வரும் நோய்கள் பல. ஒவ்வொன்றின் கிருமியையும் தனித்தனியாகத் தேடினால் பெரிய ஆய்வகமே தடுமாறும். அதனால் புகையைத் தேடுகிறோம். நெருப்பில்லாமல் புகையாது அல்லவா?

அந்தப் புகை ஈ.கோலி என்ற பாக்டீரியா. மனிதர்கள், ஆடு மாடு, பறவைகள் என எல்லோர் குடலிலும் கோடிக்கணக்கில் வாழ்கிறது. மலத்தோடு வெளியே வருகிறது. பெரும்பாலான ஈ.கோலி வகைகள் தீங்கற்றவை. ஆனால் தண்ணீரில் ஒன்று இருந்தாலும் மலம் கலந்திருக்கிறது என்று பொருள். மலம் வந்த வழியில் நோய்க்கிருமியும் வரலாம். இப்படி வேறொன்றைக் காட்டிக்கொடுக்கும் உயிரை அடையாள நுண்ணுயிர் என்பார்கள். குடிநீர் 100 மி.லி. எடுத்தால் அதில் ஓர் ஈ.கோலிகூட இருக்கக்கூடாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை.

இங்கே அடிக்கடி வரும் குழப்பம், "கோலிஃபார்ம்" என்ற சொல். மொத்தக் கோலிஃபார்ம் என்பது ஒரு பெரிய குடும்பம். அதில் மண்ணிலும் இலை தழையிலும் இயல்பாக வாழ்பவையும் உண்டு. மொத்தக் கோலிஃபார்ம் இருக்கிறது என்ற முடிவை மட்டும் வைத்துக்கொண்டு, மலம் கலந்துவிட்டது என்று ஊரைப் பதறவைக்க வேண்டாம். ஈ.கோலி இருக்கிறதா என்று கேளுங்கள்.

புகை அடங்கினாலும் கங்கு இருக்கலாம் என்பதும் உண்மை. சில வைரஸ்களும், கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் குளோரினுக்கு ஈ.கோலியைவிட அதிகமாகத் தாக்குப்பிடிக்கும். ஈ.கோலி இருந்தால் ஆபத்து நிச்சயம் என்று எடுத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் ஆபத்து குறைவு என்று மட்டுமே சொல்லலாம்.

கிருமிச் சோதனைகள்: எத்தனை மி.லி. என்பதே முதல் கேள்வி

கண்ணுக்குத் தெரியாத ஒன்றை எப்படி எண்ணுவது? உணவு கொடுத்து, சூட்டில் வைத்து, பெருகவிட்டால் தானாகத் தெரியும். எல்லா மலிவுச் சோதனைகளும் இந்த ஒரே வழியில்தான் போகின்றன. அதனால்தான் முடிவுக்கு ஒரு நாளாவது காத்திருக்க வேண்டியிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் கிருமி எண்ணிக்கை சொல்வதாக ஒரு பட்டையையோ சொட்டு மருந்தையோ யாராவது நீட்டினால் சந்தேகப்படுங்கள்.

எளிமையானது ஹைட்ரஜன் சல்பைடு குப்பி. 1982ஆம் ஆண்டு இந்திய ஆய்வாளர்கள் உலகுக்கு அளித்த முறை இது. கிருமி நீக்கிய சிறு குப்பிக்குள் பெப்டோன் என்ற உணவு, தயோசல்பேட், ஓர் இரும்பு உப்பு ஆகியவற்றைத் தோய்த்து உலர்த்திய காகிதத் துண்டு இருக்கும். கோடு வரை, பொதுவாக 20 மி.லி., தண்ணீர் நிரப்பி மூடி வைக்க வேண்டும். குடலில் வாழும் பாக்டீரியாக்களில் சில தயோசல்பேட்டை உடைத்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். வாயு இரும்போடு சேர்ந்து கருப்பாகும். தண்ணீர் கருத்தால் ஆபத்து. 30 முதல் 37 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தெரிந்துவிடும். அறை குளிர்ந்திருந்தால் 2, 3 நாள்கூட ஆகும்.

ஏமாற்றும் இடமும் உண்டு. சில ஆழ்துளைக் கிணறுகளில் அழுகிய முட்டை வாடை வரும். அந்தத் தண்ணீரில் சல்பைடு ஏற்கெனவே இருக்கிறது. ஊற்றிய சில நிமிடங்களிலேயே குப்பி கருத்துவிடும். மலத்தோடு சம்பந்தமில்லாமல் நிலத்தடியில் வாழும் சில பாக்டீரியாக்களும் கருக்கச் செய்யும். வாடை அடிக்கும் கிணற்றுக்கு இந்தச் சோதனை வேண்டாம்.

அடுத்தது நொதிச் சோதனை. நொதி என்பது உயிரணு தன் உணவை உடைக்கப் பயன்படுத்தும் கருவி, சாவி மாதிரி. ஈ.கோலியிடம் உள்ள ஒரு சாவி கோலிஃபார்ம் குடும்பத்தின் மற்ற உறுப்பினர்களிடம் பெரும்பாலும் இருப்பதில்லை. அந்தச் சாவியால் மட்டும் திறக்கும் ஒரு பொருளை உணவோடு கலந்து வைக்கிறார்கள். திறந்தால் நீலமோ நீலப்பச்சையோ வரும். சில வகைகளில் புறஊதா விளக்கின் கீழ் ஒளிரும். காய்ந்த தட்டுகளாகவும் பைகளாகவும் இவை கிடைக்கின்றன.

இப்போது மி.லி. கணக்குக்கு வருவோம். பல தட்டுகளில் 1 மி.லி. தண்ணீர்தான் ஊற்ற முடியும். 100 மி.லி.க்கு 20 ஈ.கோலி உள்ள தண்ணீர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், குடிக்கத் தகாதது. அதில் 1 மி.லி. எடுத்தால் சராசரி 0.2. அதாவது 10 முறை சோதித்தால் சுமார் 8 முறை தட்டில் ஒன்றுமே முளைக்காது. தட்டு சுத்தமாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தண்ணீரும் சுத்தம் என்று எழுதிவிடுவார்கள். அதே தண்ணீரில் 20 மி.லி. எடுத்தால் சராசரி 4. ஒன்றும் அகப்படாமல் போக 100இல் 2 வாய்ப்புதான். எனவே 1 மி.லி. தட்டு மோசமான தண்ணீரைப் பிடிக்க நல்லது, குறிப்பாகக் குளம், ஆறு, திறந்த கிணறு. நல்ல தண்ணீர் என்று சான்று சொல்ல அதற்குத் தகுதி இல்லை.

100 மி.லி. முழுவதையும் சோதிக்கும் மலிவான வழி, அறைகள் கொண்ட பை. ஒரு வகைப் பையில் 56, 30, 10, 3, 1 மி.லி. என ஐந்து அறைகள். நொதிப்பொடி கலந்த 100 மி.லி. தண்ணீரை ஊற்றிப் பிரித்து, வாயைக் கிளிப்பால் இறுக்கி வைத்தால், எந்தெந்த அறை நிறம் மாறியது என்பதை வைத்து எண்ணிக்கையை மதிப்பிடலாம். 56 மி.லி. அறை மட்டும் மாறினால் கிருமி சொற்பம். 1 மி.லி. அறையும் மாறிவிட்டால் நூற்றுக்கும் மேல் என்று கொள்ளலாம். பையோடு வரும் அட்டவணையைப் பார்த்தால் போதும், கணக்குப் போட வேண்டியதில்லை.

சூடு எங்கே கிடைக்கும்? 35 முதல் 37 டிகிரி என்பது மனித உடம்பின் சூடு. சிறு தட்டுகளைத் துணிப்பட்டையில் வைத்து இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு நாள் வேலை பார்க்கும் முறை உண்மையிலேயே பயன்பாட்டில் இருக்கிறது. மூடி நன்றாக இறுகும் தெர்மோகோல் பெட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர்ப் புட்டிகளோடு ஒரு வெப்பமானியை வைத்தும் சமாளிக்கலாம். சூடு 25 முதல் 30 டிகிரிக்குள் நின்றால் ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் காத்திருங்கள். 45ஐத் தாண்டவிட்டால் ஈ.கோலி வளராமல் போகலாம். அழுக்குத் தண்ணீருக்கும் நல்ல சான்று கிடைத்துவிடும்.

ஒவ்வொரு முறையும் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரு சோதனையைச் சேர்த்துச் செய்யுங்கள். அது நிறம் மாறினால் அழுக்கு உங்கள் கையிலோ குப்பியிலோ இருக்கிறது. அன்றைய முடிவுகள் எல்லாமே செல்லாது. நிறம் மாறிய குப்பிகளில் இப்போது கிருமிகள் கோடிக்கணக்கில் பெருகியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம். பிளீச்சிங் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் வைத்திருந்து கழிப்பறைக் குழியில் கொட்டுங்கள்.

இதுவரை: ஈ.கோலி மலக்கலப்பின் அடையாளம். சோதிக்கும் அளவு குறைந்தால் நழுவவிடும் வாய்ப்பு கூடும். சூடும் காத்திருப்பும் சரியாக இருந்தால்தான் முடிவை நம்பலாம்.

மாதிரி எடுப்பதில் கெடுவதே அதிகம்

விலையுயர்ந்த ஆய்வகமும் கெட்ட மாதிரியிடம் தோற்றுப்போகும். கண்ணாடிப் பாட்டிலைப் பிரஷர் குக்கரில் முழு அழுத்தத்தில் 20 நிமிடம் வைத்தால் கிருமி நீங்கிவிடும். குளோரின் போட்ட தண்ணீராக இருந்தால் பாட்டிலில் முன்பே குளோரினை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் சிறிது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆய்வகம் போய்ச் சேரும் வழியெல்லாம் குளோரின் கிருமியைக் கொன்றுகொண்டே போகும். குழாயடியில் இருந்த நிலைமை தெரியாது. தயோசல்பேட் உள்ள பாட்டிலை அலசிவிடாதீர்கள். ரசாயனச் சோதனைக்கான பாட்டிலை மட்டும் அதே தண்ணீரில் மூன்று முறை அலச வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிச் செய்பவர்கள் ஏராளம்.

குழாயில் செருகிய ரப்பர்க் குழாயைக் கழற்றுங்கள். வாயைத் துடைத்து, உலோகக் குழாயானால் தீயில் வாட்டி, ஒன்றிரண்டு நிமிடம் தண்ணீரை ஓடவிடுங்கள். மூடியைத் தரையில் வைக்காமல், உட்புறம் தொடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நிரப்புங்கள். குலுக்குவதற்காக மேலே இரண்டு விரல் அளவு இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்குவது நல்லது. 24 மணி நேரம் ஆகிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி எடுங்கள்.

வீட்டுக் குடத்தில் மாதிரி எடுக்கும்போது இந்தச் சுத்தம் எதுவும் வேண்டாம். அந்த வீட்டார் எந்தச் செம்பால் மொண்டு குடிக்கிறார்களோ அதே செம்பால் மொண்டு பாட்டிலில் ஊற்றச் சொல்லுங்கள். அவர்கள் வாய்க்குப் போகும் தண்ணீரைத்தானே அறிய வேண்டும்?

குளோரின்: ஒரு நிமிடத்தில் தெரியும் காவல்

தொட்டியில் குளோரின் போட்டதும் தண்ணீரில் உள்ள அழுக்கும் கிருமியும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். தின்றது போக எஞ்சி நிற்பதுதான் தடையிலாக் குளோரின். வழியில் குழாய் உடைந்து அழுக்கு புகுந்தால் எதிர்த்து நிற்கும் காவலாளி அது. குளோரின் போட்டு அரை மணி நேரம் கழித்து லிட்டருக்கு 0.5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் 0.2க்குக் குறையக்கூடாது.

டிபிடி மாத்திரை முறையில் இதை அளக்கலாம். 10 மி.லி. தண்ணீரில் மாத்திரையை நசுக்கிக் கலக்கி, வரும் இளஞ்சிவப்பை நிற அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் படித்துவிடுங்கள். நேரமானால் வேறுவகைக் குளோரினும் நிறம் கொடுத்து அளவைக் கூட்டிக் காட்டும். மாத்திரையை விரலால் தொடக்கூடாது. அளவுக்கு மீறிக் குளோரின் இருந்தால் நிறம் வந்த வேகத்தில் வெளுத்துவிடும், குளோரினே இல்லை என்று தோன்றும். மூக்கில் நெடி ஏறுகிறது, சோதனைக் குழாயில் நிறம் இல்லை என்றால் தண்ணீரை வடித்த நீரால் பத்து மடங்கு நீர்த்துச் சோதியுங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய ஆர்த்தோடோலிடின் கரைசல் இன்னும் சில இடங்களில் புழங்குகிறது. புற்றுநோய் ஐயம் உள்ள பொருள் அது, விட்டுவிடலாம்.

குளோரின் போடும் ஊர்களில், மாதம் ஒருமுறை ஈ.கோலி பார்ப்பதைவிடத் தினமும் கடைசிக் குழாயில் குளோரின் பார்ப்பது அதிகம் உயிர் காக்கும் என்பதே எங்கள் கணிப்பு. ஈ.கோலி முடிவு நேற்றைய செய்தி. குளோரின் நிறம் இப்போதைய நிலைமை.

அதோடு கலங்கலையும் பாருங்கள். அடியில் குறியிட்ட ஒரு நீள்குழாயில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே மேலிருந்து பார்க்க வேண்டும். குறி மறையும் உயரமே கலங்கலின் அளவு, அலகு என்டியு. 5 என்டியுவுக்குக் குறைந்த கலங்கலை இந்தக் குழாயால் பொதுவாகப் பார்க்க முடியாது. அதற்கு மேல் கலங்கிய தண்ணீரில் மண்துகளுக்குள் கிருமி ஒளிந்துகொள்ளும். பிஹெச், அதாவது புளிப்பு-காரத் தன்மை, 8க்கு மேல் போனால் குளோரின் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதை அளக்க, நனைத்தால் நிறம் மாறும் ஒரு சோதனைப் பட்டை போதும்.

நிறம் சொல்லும் ரசாயனங்கள்

நைட்ரேட், ஃபுளோரைடு, ஆர்சனிக் மூன்றுக்கும் கையடக்கச் சோதனைகள் உண்டு. மருந்து சேர்த்தால் நிறம் வரும், அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிடுவதை மஞ்சள் விளக்கில் செய்யாதீர்கள். பகல் வெளிச்சத்தில், நேர் வெயில் படாமல் செய்யுங்கள். பட்டைப் புட்டியைத் திறந்தே வைத்திருந்தால் ஈரம் ஏறிப் பட்டைகள் கெட்டுவிடும். நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டினால் ஒரு பங்கு தண்ணீரோடு நாலு பங்கு வடித்த நீர் சேர்த்து, வரும் அளவை 5 ஆல் பெருக்குங்கள்.

நைட்ரேட் உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் வருகிறது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். இங்கே பொறி, அலகில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவு நைட்ரேட்டாகக் கணக்கிட்டால் 50 மில்லிகிராம், நைட்ரஜனாகக் கணக்கிட்டால் 11. இரண்டும் ஒன்றே. பட்டையில் 20 என்று வந்தால் எந்தக் கணக்கில் என்று டப்பாவில் பாருங்கள். நைட்ரஜன் கணக்கானால் 4.43 ஆல் பெருக்க வேண்டும்; ஏறத்தாழ 89 ஆகிவிடும்.

ஃபுளோரைடுக்கு வரம்பு 1.5 மில்லிகிராம். வழக்கமான மருந்தில் சிர்கோனியமும் ஒரு சாயமும் சேர்ந்து சிவப்பாக இருக்கும். ஃபுளோரைடு சிர்கோனியத்தைப் பிடுங்கிக்கொள்ள, சிவப்பு குறையும். மற்றச் சோதனைகளில் நிறம் கூடினால் ஆபத்து. இதில் நிறம் வெளுத்தால் ஆபத்து. தலைகீழாகப் படித்துவிட்டு நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு.

ஆர்சனிக் சோதனையில் துத்தநாகத்தூளும் அமிலமும் சேர்ந்து ஆர்சனிக்கை ஆர்சின் என்ற வாயுவாக்கும். அது மேலே உள்ள காகிதத்தை மஞ்சளிலிருந்து பழுப்பு வரை மாற்றும். ஆர்சின் கொடிய நஞ்சு, காகிதத்தில் பாதரச உப்பும் இருக்கிறது. திறந்த வெளியில் செய்யுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். வரம்பை ஒட்டி வரும் நிறங்களைக் கண்ணால் பிரிப்பது கடினம் என்பதால் ஐயமானவற்றை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வங்கதேசத்தில், குளத்துத் தண்ணீரின் கிருமியிலிருந்து தப்பிக்க லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகளைத் தோண்டினார்கள். 1990களில்தான் அவற்றில் பலவற்றில் ஆர்சனிக் இருப்பது தெரியவந்தது. பிறகு இத்தகைய சிறு சோதனைப் பெட்டிகளோடு கிணறு கிணறாகப் போய், கெட்டதற்குச் சிவப்பும் நல்லதற்குப் பச்சையும் பூசினார்கள். முதலில் கேட்ட கேள்வி சரிதான். இரண்டாவது கேள்வியைக் கேட்க மறந்துபோனார்கள்.

இதுவரை: ரசாயனத்துக்குத் தனித்தனிச் சோதனை. அலகையும், நிறம் எந்தத் திசையில் மாறுகிறது என்பதையும் முதலில் பார்க்க வேண்டும்.

முடிவு கையில் வந்ததும்

100 மி.லி.க்கு 1 முதல் 10 ஈ.கோலி என்றால் நடுத்தர ஆபத்து, 100 வரை அதிக ஆபத்து, அதற்கு மேல் மிக அதிகம். கிருமிதான் பிரச்சினை என்றால் கொதிக்கவைத்துக் குடிக்கலாம், குளோரின் போடலாம். ஃபுளோரைடு, நைட்ரேட், ஆர்சனிக் ஆகியவற்றுக்குக் கொதிக்கவைப்பது உதவாது. தண்ணீர் ஆவியாகப் போகப் போக மீதியில் நஞ்சு கெட்டிப்படும். பாதியாகச் சுண்டினால் நைட்ரேட் இரு மடங்கு. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்திவிட்டு, குளிக்க, துவைக்க மட்டும் வைத்துக்கொள்வதே பெரும்பாலும் மலிவான தீர்வு.

ஊற்றையும் வீட்டையும் சேர்த்தே சோதியுங்கள். ஈ.கோலி அடிபம்பில் பூச்சியம், வீட்டுக் குடத்தில் 60 என்று வந்தால் கிணற்றில் எவ்வளவு குளோரின் கொட்டினாலும் அந்த 60 குறையாது. வாய் குறுகிய, மூடியுள்ள பாத்திரமும், கைபடாமல் எடுக்க ஒரு குழாயும்தான் அங்கே மருந்து. இரண்டிலும் இருந்தால் சுகாதார ஆய்வுப் படிவத்தை மறுபடி எடுத்து வெடிப்பைத் தேடுங்கள்.

கிணற்றுக்குக் குளோரின் போட்ட மறுநாளே சோதித்துப் "போய்விட்டது" என்று எழுதுவது வழக்கமான தவறு. குளோரின் அளவு பூச்சியத்துக்கு இறங்கி சில நாள் கழித்து ஒருமுறை, அடுத்த நல்ல மழைக்குப் பின் ஒருமுறை பாருங்கள். குறிப்பேட்டில் தேதி, நேரம், இடம், எடுத்தவர், மருந்தின் காலாவதித் தேதி ஆகியவற்றோடு "கடந்த 3 நாளில் மழை பெய்ததா" என்று ஒரு கட்டம் போட்டு வையுங்கள். ஓர் ஆண்டு கழித்துப் பக்கங்களைப் புரட்டும்போது, மழை எழுதிய வரிகளில்தான் ஈ.கோலியும் இருக்கிறது என்றால், மேல்தண்ணீர் எங்கோ உள்ளே இறங்குகிறது. முதலில் பார்க்க வேண்டியது பம்பைச் சுற்றிய சிமெண்டுத் தளம்.